டாவி வால்வு போட்டு நான்கு வருஷம்: வால்வு நன்றாக இருக்கிறது, கவனம் காலில் வேண்டும்

அம்மாவுக்கு டாவி (நெஞ்சைத் திறக்காமல் தொடை வழியாகச் செய்வது) முறையில் இதய வால்வு மாற்றி நான்கு வருஷம் ஆகிறது. அப்போது 79 வயது. எங்கள் தக்கலை வட்டாரத்தில் யாருக்காவது தொடை வழியாக வால்வு மாற்றலாம் என்று டாக்டர் சொன்னால் என்னிடம் விசாரிக்க வருகிறார்கள், வந்தவுடன் கேட்பது வால்வு எத்தனை வருஷம் தாங்கும் என்றுதான். பதில் சொல்கிறேன். ஆனால் எங்களை அலைக்கழித்தது வால்வு இல்லை.

முதலில் வால்வு கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெருந்தமனி வால்வில் கால்சியம் படிந்து இறுகியிருந்தது. குமாரகோவில் படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவார், ஒருமுறை அடுக்களையில் மயங்கியும் விழுந்தார். மூச்சிரைப்பும் மயக்கமும் வந்த பிறகு வால்வை மாற்றாமல் விட்டால் பலருக்கு இரண்டு மூன்று வருஷம்தான். திருவனந்தபுரத்தில் வைத்துச் செய்தோம். நெஞ்சைத் திறக்கவில்லை, மாட்டின் இதய உறையில் செய்த வால்வை மடக்கி, தொடை ரத்தக்குழாய் வழியாகக் கொண்டுபோய், பழைய வால்வுக்குள்ளேயே விரித்துவிடுகிறார்கள். இதயத்தின் மின்பாதை அந்த இடத்தை ஒட்டியே போவதால் சிலருக்கு அப்புறம் பேஸ்மேக்கரும் வைக்க வேண்டிவரும், அம்மாவுக்குத் தேவைப்படவில்லை.

மூச்சிரைப்பு அந்த வாரமே போய்விட்டது. ஆனால் வீட்டுக்கு வந்து ஒரு மாசம் கழிந்தும் விளைக்குள் (தோட்டத்துக்குள்) இறங்கி நடக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். “மூச்சு வாங்கல மக்கா, காலுதான் வரமாட்டேங்கு” என்றார்.

இதுதான் விஷயம். வால்வு கெட்டிருந்த காலம் முழுக்க மூச்சுக்குப் பயந்து உட்கார்ந்தே இருந்ததில் தொடைச் சதை கரைந்துபோயிருந்தது, வால்வைத் திறந்துவிட்டால் சதை தானாக வந்துவிடாது. டாக்டர்கள் இந்த உடல் தளர்ச்சியை அளக்க எளிய வழி வைத்திருக்கிறார்கள்: கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து 5 தடவை எழுந்து உட்காரச் சொல்வார்கள், 15 வினாடிக்குள் முடிக்க வேண்டும். அதோடு ஞாபக சக்தி, ரத்தத்தில் ஹீமோகுளோபின் (பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13), ஆல்புமின் என்ற புரதம் 3.5க்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அவ்வளவுதான். அம்மா மூன்றாவது தடவையே முட்டில் கையை ஊன்றிவிட்டார், ஹீமோகுளோபின் பத்தைத்தான் தொட்டது.

இது சின்ன விஷயமில்லை என்பதற்கு ஆய்வுகளே சாட்சி. ஆபரேஷனே தாங்கமாட்டார்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு டாவி செய்து பார்த்த பார்ட்னர் ஆய்வில், 5 வருஷத்தில் 100க்கு 72 பேர் இறந்துபோனார்கள்; வால்வு மாற்றாதவர்களில் 94 பேர். அதாவது வால்வு உதவியது, சந்தேகமே இல்லை. ஆனால் 2019இல் முதல் முடிவு வெளிவந்த பார்ட்னர் 3 ஆய்வில், வேறு பெரிய வியாதி இல்லாத, சராசரி 73 வயதுக்காரர்களிடம் அதே 5 வருஷத்தில் டாவி செய்துகொண்ட 100 பேரில் இறந்தது சுமார் 10 பேர். இடையில் வால்வும் மேம்பட்டது, செய்யும் கையும் தேறியது, சரி. ஆனாலும் இவ்வளவு பெரிய வித்தியாசத்தில் பெரும்பங்கு வால்வு போய்ச் சேர்ந்த உடம்புக்குத்தான் என்பது என் எண்ணம்.

வால்வு தாங்குமா என்பதற்கும் பதில் இருக்கிறது. டென்மார்க், ஸ்வீடனில் நடந்த நோஷன் ஆய்வில் 10 வருஷம் கழித்துப் பார்த்தபோது, ஆபரேஷன் செய்து வைத்த திசு வால்வுகளைவிட டாவி வால்வுகளில் கடுமையாகப் பழுதானவை குறைவாகவே இருந்தன. எண்பதை நெருங்கியவருக்கு அது போதும்.

நாங்கள் செய்தது பெரிய வித்தையில்லை. ரத்தச்சோகைக்குக் காரணம் பார்த்து இரும்புச்சத்து ஏற்றினார்கள். சாப்பாட்டில்தான் மல்லுக்கட்டு: காலையில் கஞ்சியும் துவையலும், ராத்திரியிலும் கஞ்சி என்றே பழகியவர். வயசானவர்களுக்கு எடையில் கிலோவுக்கு ஒரு கிராமாவது புரதம் வேண்டும், கஞ்சியில் அது வராது. கஞ்சியோடு சிறுபயறு, மத்தியானம் சாளை மீனோ அயிலையோ, தினம் ஒரு முட்டை என்று மெல்ல மாற்றினோம். கிட்னி பிரச்சினை இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம். பயிற்சிக்கு அதே நாற்காலிதான், காலையும் மாலையும். முதலில் மைனி (அண்ணி) முன்னால் நின்று இரண்டு கையையும் பிடித்துக்கொள்வார், அப்புறம் ஒரு கை, அப்புறம் விரல் நுனி மட்டும். கையை விட்டு எழும்ப அரை வருஷத்துக்கு மேல் ஆனது. போன தைப்பூசத்துக்குக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குமாரகோவில் படி ஏறினார், நடுவில் ஒரு இடத்தில் நின்றார், ஆனால் உட்காரவில்லை.

அப்புறம் பல். பல் பிடுங்கப் போனால் வால்வு வைத்திருப்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். முன்னதாகவே ஆன்டிபயாடிக் தருவார்கள், இல்லையென்றால் கிருமி வால்வில் போய் ஒட்ட வாய்ப்பிருக்கிறது. வருஷம் ஒரு எக்கோ (இதய ஸ்கேன்).

விசாரிக்க வருபவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, அவர் நாற்காலியிலிருந்து எப்படி எழும்புகிறார், உங்களை அடையாளம் தெரிகிறதா என்றுதான். எழும்பத் தடுமாறினால் வால்வோடு சேர்த்தே காலுக்கும் சாப்பாட்டுக்கும் ஏற்பாடு செய்யுங்கள், டிஸ்சார்ஜ் ஆகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நினைவு தப்பிப் படுக்கையிலேயே இருக்கிறார், வேறு வியாதியில் ஒரு வருஷமே தாண்டமாட்டார் என்ற நிலை என்றால், விளையை விற்றுப் பணம் புரட்டும் முன்னால் டாக்டரிடம் உட்கார்ந்து, இதைச் செய்து அவருக்கு என்ன கிடைக்கும் என்று நேராகக் கேட்டுவிடுங்கள். செய்ய வேண்டாம் என்று ஒரு டாக்டர் சொன்னால் அவர் கைவிட்டுவிட்டார் என்று நினைக்காதீர்கள்.