ஜெபல் மூசா இரவு ஏற்றம்: நண்பர்கள் இருவராகப் போவதென்றால்

எகிப்தின் சினாய் பாலைவனத்தில் 2,285 மீட்டர் உயரத்தில் நிற்கும் ஜெபல் மூசா, அதாவது மோசே மலையில், உச்சியிலிருந்து சூரிய உதயம் பார்க்க இரவில் ஏறுவார்கள்; வழிகாட்டி இல்லாமல் ஏற விடமாட்டார்கள். எந்த ஏற்பாட்டில் போவது என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. கடற்கரைச் சுற்றுலா ஊர்களான ஷார்ம் எல் ஷேக்கிலிருந்தும் தஹாபிலிருந்தும் கிளம்பி ஒரே இரவில் ஏற்றிவிடும் பஸ் பேக்கேஜ் வேண்டாம். முந்தின நாளே மலைக்குப் பக்கத்திலுள்ள செயின்ட் கேத்தரின் ஊருக்கு வந்து தங்கி, இருவருக்கு மட்டும் ஒரு வழிகாட்டியைப் பேசிக்கொள்ளுங்கள். வழியில் சோதனைச் சாவடிகள் உண்டு. பாஸ்போர்ட் அசலாகவே கையில் இருக்கட்டும்.

பஸ் குழுவின் கோளாறு அதன் நேரக்கணக்கில் இருக்கிறது. நள்ளிரவு தாண்டியதும் ஏறத் தொடங்கி, விடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும்போதே உச்சியில் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள். ஏறும்போது வேர்த்த சட்டை அங்கே அடிக்கும் காற்றில் முதுகோடு ஒட்டி ஜில்லிடும்; குளிர்காலத்தில் பூஜ்யத்துக்கும் கீழே போகும் இடம் அது. தனி வழிகாட்டி என்றால் சூரிய உதயத்துக்கு மூன்றரை மணி நேரம் முன்னால் கிளம்பலாம், அதுவே தாராளம். பருத்திச் சட்டை போட வேண்டாம், வேர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உலர்ந்த பனியன் ஒன்றைப் பையில் வைத்திருந்து, கடைசிப் படிகளுக்கு முன் மாற்றுங்கள்.

ஒட்டகப் பாதை சுமார் 7 கிலோமீட்டர்; அகலமானது, சீராக ஏறும். இருட்டில் ஒட்டகம் பின்னால் வருவது காதில் விழாது, வாடைதான் முதலில் வரும். உடனே மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்குங்கள், பள்ளத்தின் பக்கம் வேண்டாம். வழிநெடுக உள்ள குடிசைக் கடைகளில் இனிப்பான தேநீர் கிடைக்கும், மேலே போகப்போக விலை ஏறும். சில்லறையாகப் பணம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசிக் கடைகளில் கம்பளியும் மெத்தையும் வாடகைக்குத் தருவார்கள். ஒன்றுதான் எடுப்பதென்றால் மெத்தையை எடுங்கள். உட்காரும் பாறைதான் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடுகிறது.

அதற்கு மேலே 750 படிகள். படி என்று பெயரே தவிர, உயரம் ஒன்றுக்கொன்று பொருந்தாத கருங்கல் துண்டங்கள். நடுப்பகுதி தேய்ந்து வழவழப்பாகி, அதன்மேல் பொடி மணல் கிடக்கும். வழுக்குவது அந்த மணலில்தான். ஓரமாகக் கால் வைத்து, முழுப் பாதமும் ஊன்றி ஏறுங்கள். கை இரண்டும் சும்மா இருக்க வேண்டும், ஆகவே செல்போன் வெளிச்சம் உதவாது, ஹெட் டார்ச் கட்டாயம்.

பால்ய சிநேகிதர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. மூச்சு வாங்குவதை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளமாட்டார்கள். மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள், வேகம் தானாகச் சரியாகிவிடும். ஒருவர் மட்டும் ஒட்டகம் ஏறினால் அவர் சீக்கிரம் போய்ச் சேர்ந்து, படிகளின் அடியில் குளிரில் காத்துக் கிடப்பார். ஏறினால் இருவரும் ஏறுங்கள், கூலியைக் கீழேயே பேசி முடித்துவிடுங்கள். தண்ணீரை ஒரே பையில் வைக்காதீர்கள். ஆளுக்கு ஒன்றரை லிட்டர், கோடையில் இறங்குவதற்கென்று இன்னும் ஒரு லிட்டர். காற்று அவ்வளவு வறண்டது, வேர்ப்பதே தெரியாமல் உடம்பு வற்றும்.

வழிகாட்டிகள் பெரும்பாலும் இந்த மலைப்பகுதியில் வாழும் ஜெபலிய்யா என்ற பெதுயின் பழங்குடியினர். பாதையை உள்ளங்கைபோல் அறிந்தவர்கள், ஆனால் நாம் கேட்காமல் நிற்கமாட்டார்கள். எங்கே நிற்க வேண்டும், எந்த வழியாக இறங்க வேண்டும் என்பதைக் கிளம்புமுன்பே சொல்லிவிடுங்கள். இறங்குவதற்கு நாங்கள் சொல்வது 'பாவமன்னிப்புப் படிகள்' வழி. உச்சியிலிருந்து அடிவாரத்து மடாலயம்வரை 3,750 படிகள் என்பது வழக்கமான கணக்கு. சிவந்த பாறை இடுக்குக்குள் கல்வளைவுகளைக் கடந்து இறங்கும் அந்தப் பாதையின் அழகுக்கு ஒட்டகப் பாதை ஈடாகாது. நன்றாக விடிந்த பிறகு மட்டும், ஊன்றுகோலோடு. ஒருவருக்கு முழங்கால் வலி என்றாலும் இருவரும் ஒட்டகப் பாதையிலேயே திரும்புங்கள், வழிகாட்டி ஒருவர்தானே இருக்கிறார்.

கீழே உள்ள செயின்ட் கேத்தரின் மடாலயம் 6-ஆம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியன் காலத்தில் கட்டியது. காலையில் சில மணி நேரம்தான் பார்வையாளர்களை விடுவார்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். வெள்ளியும் ஞாயிறும் வழக்கமாகத் திறப்பதில்லை என்பதால், வியாழன் இரவும் சனி இரவும் ஏறும்படி நாள் குறிக்காதீர்கள்.