பத்து வருஷமாக ஆர்: படம் போட்டுப் பார்க்காமல் மாடல் ஓட்டுவதில்லை

2014-இல் எக்செல் கோப்பு ஒன்று திறக்கவே ஐந்து நிமிஷம் எடுத்தது. அந்த எரிச்சலில்தான் ஆர் (R) என்ற புள்ளியியல் நிரல்மொழிக்கு வந்தேன். அது இலவசம் என்பதும் ஒரு காரணம்.

முதல் வருஷமே நன்றாக ஒரு அடி வாங்கினேன். நெல் விளைச்சல் தரவு. அளக்காத வயல்களுக்கு யாரோ சின்னக் கோடு போட்டிருந்தார்கள். அந்த ஒரு கோட்டுக்காக, கோப்பைப் படிக்கும் ரீட்.சிஎஸ்வி கட்டளை முழுப் பத்தியையும் ஃபேக்டராக, அதாவது எண்ணாக இல்லாமல் வகைப் பெயர்களாக, எடுத்துக்கொண்டது. நான் ஆஸ்.நியூமெரிக் என்ற கட்டளை போட்டு எண்ணாக்கினேன். கிடைத்ததோ விளைச்சல் இல்லை, எழுத்து வரிசைப்படி அடுக்கிய அதன் வரிசை எண். நேர்கோட்டு மாடல் போடும் எல்எம் ஒரு முனகல்கூட இல்லாமல் ஓடியது; பி-மதிப்புக்குப் பக்கத்தில், முடிவு குறிப்பிடத்தக்கது என்று காட்டும் நட்சத்திரம் வேறு! படம் போட்ட பிறகுதான், ஏக்கருக்கு 2,000 கிலோ இருக்கவேண்டிய இடத்தில் 47 நிற்பது கண்ணில் பட்டது. எழுத்தைத் தானாக ஃபேக்டராக்கும் இந்த வழக்கத்தை 2020-இல் வந்த ஆர் 4.0.0 பதிப்பில் ஒருவழியாக மாற்றினார்கள்.

ஆர் சத்தமில்லாமல் செய்யும் இன்னொரு வேலை, மதிப்பு விடுபட்ட வரிசைகளைக் கழற்றிவிடுவது. ஆருடன் கூடவே வரும் ஏர்குவாலிட்டி என்ற காற்றுத்தரத் தரவை எடுங்கள்: நியூயார்க், 1973 மே முதல் செப்டம்பர் வரை, 153 நாள். ஓசோனுக்கு வெப்பநிலையை மட்டும் வைத்து மாடல் போட்டால் 116 நாள்தான் உள்ளே போகும். காற்று, சூரியக் கதிர்வீச்சு இரண்டையும் சேர்த்தால் 111. மாடலின் சுருக்கத்தைக் காட்டும் சம்மரியின் அடியில் ஒரே ஒரு வரியில் சொல்லும், அவ்வளவுதான். இரண்டு மாடல்களையும் அனோவா என்ற சோதனையில் ஒப்பிடப் போனால்தான் தரவின் அளவு ஒத்துவரவில்லை என்று மறுக்கும்.

வரைபடத்துக்கு எனக்கு ஜிஜிபிளாட்2 என்ற ஆர் தொகுப்பு போதும். புள்ளி, கோடு, அச்சு என்று அடுக்கடுக்காகச் சேர்க்கலாம். மாதவாரியாகப் பிரிக்க ஒரு வரி. ஆனால் அதற்குள் அடுக்குகளை இணைக்கக் கூட்டல் குறி, வெளியே ஒரு படியின் முடிவை அடுத்ததுக்கு அனுப்பும் பைப் குறி. இன்றுவரை மாற்றிப் போட்டுத் திட்டு வாங்குகிறேன்.

பிழைச் செய்திகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தரவை ஏற்ற மறந்துவிட்டு, டிஎஃப் என்ற பெயரில் அதன் ஒரு பத்தியைக் கூப்பிட்டால் ‘க்ளோஷர்’ (ஃபங்ஷன் வகைப் பொருள்) என்று ஏதோ உளறும். டிஎஃப் என்ற பெயரில் எஃப் பரவல் என்ற புள்ளியியல் பரவலுக்கான ஃபங்ஷன் ஒன்று ஏற்கெனவே இருப்பதுதான் விஷயம். இது புரிய எனக்கு இரண்டு வருஷம்.

படத்துக்குத் தமிழில் தலைப்பு வைக்கிறவர்களுக்கு ஒன்று: ஆரின் வழக்கமான பிடிஎஃப் வழியில் எழுத்தெல்லாம் புள்ளி புள்ளியாகிவிடும். ராக் (ragg) தொகுப்பு வழியாகப் பிஎன்ஜி படமாக எடுத்தேன். கொம்பும் காலும் அதனதன் இடத்தில் உட்கார்ந்தன.