எஸென்ஸா, எக்ஸ்பெடிஷனா, டெலிரியமா: எந்த மேப்பில் முதல் போடுவது?

பாத் ஆஃப் எக்ஸைல் என்ற ஆன்லைன் விளையாட்டில் 16-ஆம் டியர் மேப்புக்கு, அதாவது கதை முடிந்தபின் ஆடும் களங்களில் உயர் நிலைக்கு, வந்து சேர்ந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: அட்லஸ் மரத்தில் (மேப்பில் எது அதிகம் வர வேண்டும் என்று நாம் தேர்ந்தெடுக்கும் கிளைப்படம்) புள்ளிகளை எங்கே போட்டால் கரன்ஸி, அதாவது ஆட்டத்துக்குள் பணமாகப் புழங்கும் ஆர்ப்கள், அதிகம் தேறும்? எஸென்ஸ், எக்ஸ்பெடிஷன், டெலிரியம் ஆகியவை மேப்புக்குள் வரும் தனித்தனி ஆட்டங்கள். யூடியூபில் தேடினால் ஆளுக்கொரு பதில், ஆளுக்கொரு ஸ்டாஷ் நிறைய டிவைன் ஆர்ப். ஹைட்அவுட்டில் (நம் தங்குமிடம்) நின்றபடி ஸ்காரப் (மேப்பில் பரிசைக் கூட்டப் போடும் பொருள்) வாங்கவும், மேப்பின் குணங்களை மாற்றி உருட்டவும், வந்த பொருளைப் பிரித்து விற்கவும் போகிற நேரம் மட்டும் அந்தக் காணொளிகளில் வெட்டப்பட்டிருக்கும். நான் அதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்கிறேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் மட்டும் ஆட வாய்க்கிறவனின் கணக்கு இது.

லூட் (விழும் பொருள்) பெருகும் விதத்தை முதலில் பார்த்துவிடலாம். மேப்பைத் தொட்டுப் பார்த்தால் மூன்று எண்கள் தெரியும்: குவான்டிட்டி (விழும் பொருளின் அளவு), ரேரிட்டி (அதன் அரிதான தன்மை), பேக் சைஸ் (அரக்கர் கூட்டத்தின் அளவு). ஆல்கெமி ஆர்ப் போட்டு மேப்பை மஞ்சளாக்கினால் (அரிய வகையாக்கினால்) மூன்றும் ஏறும், கூடவே ஆபத்தும் ஏறும். முன்பு மோதிரம், கையுறையில் குவான்டிட்டி தேடி அலைந்த ஒரு கூட்டம் இருந்தது. 2024 ஜூலையில் வந்த 3.25 பதிப்பு அதை வீரரின் உடுப்பிலிருந்து எடுத்துவிட்டது. இனி மேப்பிலும் ஸ்காரப்பிலும் அட்லஸிலும்தான் முதல் போட வேண்டும்.

எஸென்ஸ் இதில் கொஞ்சம் தனி ரகம். படிகத்துக்குள் உறைந்து நிற்கும் அரக்கனைக் க்ளிக் செய்து உடைத்து, கொன்றால், அவன் மேல் எழுதியிருக்கும் எஸென்ஸ்கள் (ஆயுதம், கவசம் செய்ய உதவும் பொருள்கள்) அப்படியே விழும். மேப்பின் குவான்டிட்டி எவ்வளவு என்று அவன் பார்ப்பதில்லை. அதனால் ஒரு ஆல்கெமி ஆர்ப் போதும். கேயாஸ் ஆர்ப்பைக் கரைத்து நல்ல எண் வரும்வரை உருட்ட வேண்டியதில்லை. ரெம்னன்ட் ஆஃப் கரப்ஷன் கையில் இருந்தால், உடைப்பதற்கு முன் அந்த அரக்கன் மேல் போட்டுச் சூதாடலாம். மிசரி, டிரெட் போன்ற எஸென்ஸ்கள் அரிதான ஹாரர், ஹிஸ்டீரியா என்று மாறினால் அன்றைக்கு லாபம். சின்ன எஸென்ஸ்களை மூன்றுக்கு ஒன்று என்று மேல் படிக்கு ஏற்றிக்கொள்ளலாம்.

இதோடு ஹார்வெஸ்ட் என்ற தோட்ட ஆட்டத்தை ஜோடி சேர்ப்பது பழைய வழக்கம். தோட்டத்தில் பயிர்கள் இரண்டிரண்டாக நிற்கும். ஒன்றை அறுத்தால் மற்றது வாடும். அட்லஸ் மரத்தில் க்ராப் ரொட்டேஷன் கணுவை எடுத்தவர்கள் எந்த நிறத்தை முதலில் அறுப்பது என்று யோசித்தே அறுக்க வேண்டும். அறுத்த நிறம் போக மீதி நிறங்கள்தான் மேல்படிக்கு வளர வாய்ப்பு. ஆகவே விலை கூடின நிறத்தைக் கடைசிக்கு வையுங்கள்.

இரண்டுக்கும் ஒரு காலத்தில் இருந்த தலைவலி விற்பனை. மேப் நடுவில் வாங்க வருகிற ஒருவர் விஸ்பர் (தனிச் செய்தி) செய்வார், நாலு எஸென்ஸுக்காகப் போர்ட்டல் போட்டு ஓட வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். 3.25-இல் ஃபாஸ்டஸ் என்ற தரகர் வந்தபின் அது போயிற்று. எஸென்ஸ், லைஃப்ஃபோர்ஸ் (ஹார்வெஸ்ட்டில் கிடைப்பது), ஸ்காரப் எல்லாவற்றையும் அவரிடம் விலை குறித்து வைத்துவிட்டு அடுத்த மேப்புக்குள் போகலாம். அவருக்குக் கூலி கோல்டு. அதுவும் அரக்கனைக் கொன்றாலே வருகிறது. இந்த ஒரு மாற்றத்தால் என் பட்டியலில் எஸென்ஸ் இரண்டு படி ஏறியது.

எக்ஸ்பெடிஷன் இதற்கு நேரெதிர். ஒரு மேப்புக்கு எவ்வளவு என்று கேட்டால் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் புதைந்ததைத் தோண்ட வெடி வைக்கும் வரிசையை யோசிக்க வேண்டும். வழியில் நிற்கும் ஒவ்வொரு ரெம்னன்ட்டையும் (எழுந்துவரும் அரக்கருக்குக் குணம் கூட்டும் கல்) படிக்க வேண்டும். 'நெருப்புச் சேதம் பாதிக்காது' என்று எழுதியதைக் கவனிக்காமல் வெடித்தால், நெருப்பு பில்ட்காரர் (நெருப்பை நம்பித் தன் வீரரை அமைத்தவர்) கதை அங்கேயே முடிந்தது. நான் இரண்டு முறை அப்படி முடிந்தவன். பிறகு எக்ஸ்பெடிஷன் வியாபாரி டூஜென்னிடம் பேரம். அவர் சொன்ன விலையிலிருந்து கொஞ்சம் இறக்கிக் கேட்பதே சரி. அளவுக்கு மீறி இறக்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார், பொருள் போய்விடும். எக்ஸாட்டிக் காய்னேஜ் செலவழித்துக் கடையைப் புதுப்பித்துப் புதுப்பித்து நின்றால் அரை மணி நேரம் எப்படிப் போனது என்றே தெரியாது. எனக்கு அந்தப் பேரம் பிடிக்கும், அது வேறு விஷயம். ஆனால் லாக்புக்கை (தனி எக்ஸ்பெடிஷன் களத்துக்கான நுழைவுப் பொருள்) ஃபாஸ்டஸின் கரன்ஸி சந்தையில் தள்ள முடியாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குணம் இருப்பதால் தனியாகத்தான் விலை போட வேண்டும்.

டெலிரியம் பணக்காரர் ஆட்டம். கண்ணாடியைத் தொட்டதும் மூடுபனி கிளம்பும். அதைப் பிடித்துக்கொண்டே ஓடினால்தான் பரிசு கூடும். நின்று பொருள் பொறுக்கினால் பனி முந்திவிடும். இங்கே பேக் சைஸ்தான் உயிர், ஏனெனில் அரக்கர் எண்ணிக்கையே வருமானம். டெலிரியம் ஆர்ப் ஒன்றுக்கு 20 சதவீதம் என்று ஐந்து போட்டால் 100 சதவீதம் பனி மூடிய மேப் கிடைக்கும். அதில் நிற்கும் பில்ட் இருந்தால் நேரக் கணக்கில் மற்ற இரண்டும் ஈடாகாது. இல்லையென்றால் ஆறு போர்ட்டலும் தீர்ந்து, போட்ட ஸ்காரப்பும் போய், வெறுங்கையோடு ஹைட்அவுட்டில் நிற்க வேண்டியதுதான். சிமுலாக்ரம் (டெலிரியத்தின் தனிக் களத்துக்கான நுழைவுப் பொருள்) ஒன்றுக்கு 300 துண்டு சேர வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். திரையில் துண்டு துண்டாக விழுவது அதிகமாகத் தெரியும், எண்ணினால் அவ்வளவு இருக்காது.

பாஸ் வேட்டையைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். அங்கே வருமானம் எப்போதோ ஒரு முறை விழும் ஒரு பொருளில் இருக்கிறது. பத்து, இருபது முறை அடித்து வெறுங்கையோடு வந்தவருக்குச் சராசரியைச் சொல்லி ஆறுதல் தர முடியாது.

ஆக லீக் (எல்லோரும் புதிதாகத் தொடங்கும் பருவம்) தொடங்கி முதல் வாரம் நான் எஸென்ஸும் ஹார்வெஸ்ட்டும்தான். அப்போது எல்லோரும் கிராஃப்ட் செய்வதால் இரண்டும் சூடாக விலை போகும். நம் பில்ட்டோ அரைகுறையாக இருக்கும். அட்லஸில் மூன்று மரங்கள் வைத்துக்கொள்ள விடுகிறார்கள் அல்லவா, இரண்டாவதை டெலிரியத்துக்கு ஒதுக்கி, பில்ட் தேறியபின் சனிக்கிழமை இரவுகளில் எடுப்பேன். அதற்கான ஸ்காரப்பை வாரம் முழுக்க ஃபாஸ்டஸிடம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் சேர்த்துவிட்டால் சனிக்கிழமை ஹைட்அவுட்டில் நிற்க வேலையில்லை. மூன்றாவது மரம் எக்ஸ்பெடிஷன். நேரத்தையும் சேர்த்த லாபக் கணக்கில் அது கடைசிதான், ஆனாலும் டூஜென்னை விட மனசில்லை.