பேட்டரி நல்லாத்தான் இருந்துச்சு, மீட்டர் வெச்சுப் பாக்கத்தான் ஆள் இல்ல

கையில வோல்டேஜ் பாக்குற ஒரு மீட்டர்கூட இல்லாம வந்து, இன்வெர்ட்டர் பேட்டரியை ரெண்டு தட்டு தட்டிட்டு "அக்கா, இது டெட்டு, புதுசு போட்டுடுங்க"ன்னு சொல்றதுக்குப் பேரு சர்வீஸா? பட்டுக்கோட்டை பக்கம் எங்க ஊருக்குப் போனப்ப நடந்தது இது. பேங்க் வேலை, பத்திரம் நகல் எடுக்கிறது எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது, அதை விடுங்க, இந்த இன்வெர்ட்டர் விஷயம் மட்டும் மனசுல அப்படியே நிக்குது.

எங்க வீட்ல இன்வெர்ட்டர் வந்ததே 2018 கஜாவுக்கு அப்புறம்தான். புயல்ல போஸ்ட் மரமெல்லாம் சாஞ்சு வாரக்கணக்குல இருட்டுல கிடந்தப்ப இன்வெர்ட்டர் இருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது, ஆனா அந்த பயத்துல ஊரே வாங்குச்சு, அப்பாவும் வாங்கினார். 12 வோல்ட், 150 ஆம்பியர்-ஹவர் (Ah) டியூபுலர் பேட்டரி, இப்ப இருக்கிறது நடுவுல ஒருதரம் மாத்தினது. மூணு ஃபேன், லைட்டு, டிவி, எல்லாம் சேர்த்தா 350 வாட்டுக்கிட்ட வரும், கணக்குப்படி மூணு மணி நேரத்துக்குக் குறையாம ஓடணும். ஆனா கரண்ட் போய் அரை மணி நேரம் ஆகல, பீப் பீப்னு கத்தி சிவப்பு லைட்டு, லோ பேட்டரி, அப்புறம் டப்புன்னு எல்லாம் நின்னுடும். அம்மா விசிறி மட்டையை எடுத்துட்டு வாசல்ல போய் உக்காந்துடுவாங்க, இது பல மாசமா நடக்குதாம், போன்ல ஒரு வார்த்தை சொன்னதில்ல.

பேட்டரி வாங்கின கடைக்கு போன் பண்ணா ஒரு பையன் வந்தான். தட்டினான், மூடியைத் திறந்து எட்டிப் பாத்தான், 16,000 ஆகும், பழசுக்கு 3,000 கழிச்சுக்கலாம்னான். தம்பி, வோல்டேஜ் எவ்ளோ இருக்குன்னு பாத்தியாப்பான்னா, "பாக்கவே வேணாம்க்கா, பாத்தாலே தெரியுது"ங்குறான். அவன்கிட்ட ஏன்டி மல்லுக்கு நிக்கிற, போட்டுடலாம்னு அம்மா வேற. நான் இருக்கிற மெல்போர்ன்ல வீட்டு வயரிங்ல கைவைக்கணும்னா லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன்தான் வரணும், அவர் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கிறதுக்குள்ள நமக்கு நரைச்சுடும், பில்லும் எகிறும், ஆனா வந்த ஆளு அளந்து பாக்காம வாயைத் திறக்க மாட்டார். அந்தப் பழக்கத்துல எனக்கு ஆத்திரம் தாங்கல.

அப்பதான் பஸ் ஸ்டாண்ட் பக்கம் பேட்டரி சார்ஜ் போடுற மாமா ஞாபகம் வந்தது, அப்பாவோட பழைய சிநேகிதர். சொல்லி அனுப்பின ஒரு மணி நேரத்துல டிவிஎஸ் ஃபிஃப்டில வந்து இறங்கிட்டார், இந்த வேகம் வேற எந்த ஊர்ல கிடைக்கும் சொல்லுங்க! "என்ன பாப்பா, எப்ப வந்தே"ன்னு கேட்டுக்கிட்டே மெயினை ஆஃப் பண்ணி, மூணு ஃபேனையும் ஓடவிட்டு, லோடு ஓடுறப்பவே மீட்டரை வெச்சார். பேட்டரி மேல வயர் மாட்டுற ஈயக் கட்டையில நேரா வெச்சா 12.1 வோல்ட். இன்வெர்ட்டர்ல வயர் போய்ச் சேர்ற எடத்துல 10.9. அடுத்து ஒரு முனையை பாசிட்டிவ் கட்டையிலயும் இன்னொண்ணை அதுமேல மாட்டியிருக்கிற லக்குலயும் (வயர் நுனியில இருக்கிற உலோக வளையம்) வெச்சார், ரெண்டுக்கும் நடுவுல 1.1 வோல்ட் காட்டுது. ஒட்டிக்கிட்டு இருக்கிற ரெண்டு உலோகத்துக்கு நடுவுல ஒண்ணுமே காட்டக்கூடாது. லக்கைத் தொட்டுப் பாருன்னார், நல்லா சுட்டுது. 30 ஆம்பியர் ஓடுற எடத்துல பச்சையும் வெள்ளையுமா பூத்து நிக்குது, வோல்டேஜ் அங்கயே சூடாப் போயிடுது, இன்வெர்ட்டருக்குத் தன்கிட்ட வந்து சேர்ற வோல்டேஜ்தான் தெரியும், அதனால பேட்டரி காலின்னு நினைச்சு கத்துது.

இன்வெர்ட்டரை ஆஃப் பண்ணிட்டு நெகட்டிவை முதல்ல கழட்டினார். ஆப்பச்சோடாவை வெந்நீர்ல கரைச்சு ஊத்துனா பூத்ததெல்லாம் நுரைச்சுக்கிட்டு வந்துச்சு, அந்தத் தண்ணி பேட்டரி அறைக்குள்ள, அதாவது செல்லுக்குள்ள போகாம மூடியெல்லாம் இறுக்கிட்டுத்தான் ஊத்துனார். காஞ்சதும் உப்புத்தாள் போட்டுத் தேச்சு, ஈயம் பளபளன்னு தெரிஞ்சதும் லக்கை மாட்டி முறுக்கி, மேல வாஸ்லைன் தடவினார். மறுபடி லோடு குடுத்தா இன்வெர்ட்டர்கிட்டயே 12 காட்டுது.

பேட்டரிக்குள்ள இருக்கிற தண்ணியையும் பாத்தார். கேன் தண்ணியைத்தான் யாரோ ஊத்திக்கிட்டு இருந்திருக்காங்க, டிஸ்டில்டு வாட்டர் தவிர வேற எதையும் ஊத்தாதீங்கன்னு அம்மாவுக்கு உரிமையோட ஒரு திட்டு. ராத்திரி முழுக்க சார்ஜ் ஏத்தவிட்டு மறுநாள் ஆசிட்டோட அடர்த்தி பாக்குற ஹைட்ரோமீட்டர் போட்டா அஞ்சு செல் 1240, ஒண்ணு மட்டும் 1200. அது கொஞ்சம் தளர்ந்துதான் இருக்கு, ஆனா தூக்கிப் போடுற நிலைமை இல்லன்னார்.

இன்னொரு விஷயம், யாருமே கவனிக்காதது. சாயங்காலம் எங்க தெருவுல வோல்டேஜ் 170க்கு வந்துடும், டிரான்ஸ்பார்மர்லேருந்து கடைசி வீடு நாங்க. இன்வெர்ட்டர் பின்னாடி சுவிட்ச் யூபிஎஸ் மோட்ல இருந்துச்சு, அதுல 180க்குக் கீழ போனா கரண்ட் இருக்கும்போதே பேட்டரிக்கு மாறிடும். தினமும் கரண்ட் இருக்கிறப்பவே பேட்டரி கரைஞ்சுக்கிட்டு இருந்திருக்கு! கம்ப்யூட்டர் இல்லாத வீட்டுக்கு நார்மல் மோடு போதும்னு மாத்திவிட்டார்.

அவர் கேட்டது 200 ரூபாய். நான் கூடக் கொடுத்ததை வாங்க மாட்டேன்னுட்டார், அம்மா போட்ட காபி மட்டும் குடிச்சார்.

அதுக்கப்புறம் ரெண்டு மணி நேர ஷட்டவுனையும் பீப் சத்தம் இல்லாம தாங்கிடுச்சுன்னு அம்மா சொன்னாங்க. பொங்கலுக்கு அண்ணன் ஊருக்குப் போறப்ப மாமாவைக் கூப்பிட்டு ரீடிங் எடுக்கச் சொல்லியிருக்கேன், அந்த ஒரு செல் 1180க்குக் கீழ இறங்கியிருந்தா புது பேட்டரி, இல்லன்னா இதுவே ஓடட்டும்.