காஸ் ஃப்ரிட்ஜா, சோலார் ஃப்ரிட்ஜா: தாண்டிக்குடியில் நாலு வருஷம்

தாண்டிக்குடிக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்து வீட்டுக்கு இன்னும் ஈபி லைன் வரவில்லை. கடைசிக் கம்பம் ஒரு கிலோமீட்டர் கீழேயே நின்றுவிட்டது. "இந்தக் குளிருக்கு ஃப்ரிட்ஜ் வேறயா?" என்று வத்தலக்குண்டிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள். அம்மாவுக்கு இன்சுலின் இருக்கிறது. பிரிக்காத மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். சித்திரை மதியத்தில் எங்கள் சமையலறை 28-ஐத் தொடும்.

முதலில் வாங்கியது காஸ் ஃப்ரிட்ஜ். ஒரு பழைய எஸ்டேட் பங்களாவில் சும்மா கிடந்தது. அடியில் கட்டைவிரல் அளவு நீலச் சுடர் எரியும். அது அம்மோனியா கலந்த தண்ணீரைச் சூடாக்க, அம்மோனியா பிரிந்து மேலே போய், குளிர்ந்து, மறுபடி ஆவியாகும்போது உள்ளே இருக்கும் சூட்டை இழுத்துக்கொள்ளும். 1922-ல் ஸ்வீடனில் இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்த ஏற்பாடு இது. மோட்டார் கிடையாது. ராத்திரி அது ஓடுகிறதா என்று குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

வந்த இரண்டு நாள் குளிரவே இல்லை. தூத்துக்குடி நண்பர் ஒருவரிடம் போனில் புலம்பினேன். பாய்மரப் படகுகளில் வேலை பார்த்தவர். "தரை மட்டமா இருக்கா பாருங்க அண்ணே" என்றார். உள்ளே திரவம் தன் எடையாலேயே வழிந்து இறங்க வேண்டுமாம், சாய்ந்தால் தேங்கிவிடும். காற்றில் சாய்ந்தபடியே நாள்கணக்கில் ஓடும் படகில் இதை வைத்துப் படாத பாடு பட்டிருக்கிறார்கள். போதாததற்கு, கசிந்த காஸ் காற்றைவிடக் கனம் என்பதால் படகின் அடித்தட்டில் போய்த் தங்கிவிடும். எங்கள் வீட்டுக்கு அந்த ஆட்டமெல்லாம் இல்லை. ஆனால் கழுவிவிட்ட தண்ணீர் ஓடுவதற்காகக் கொத்தனார் தரையைச் சரிவாகப் போட்டிருந்தார். ரசமட்டம் வைத்து, ஒரு பக்கம் ஓட்டுச் சில்லைச் சொருகினேன். மறுநாள் காலையில் ஐஸ்.

14.2 கிலோ சிலிண்டர் ஐம்பது நாள் வரை வந்தது. சிலிண்டரை ஜீப்பில் ஏற்றி வரும் கூலியையும் சேர்த்தால் மலிவு என்று சொல்ல மாட்டேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புகைக்குழாயில் கரி தட்ட வேண்டும். மூடுபனியோடு காற்றடித்தால் சுடர் அணைந்துவிடும். இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். மார்கழியில் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. வெளிக்குளிர் இறங்க இறங்க, அந்தப் பழைய தெர்மோஸ்டாட்டுக்குச் சுடரைக் குறைக்கத் தெரியவில்லை. காலையில் தயிர் கல்லாகிக் கிடந்தது. பக்கத்தில் இன்சுலினும் உறைந்திருந்தது. உறைந்த இன்சுலின் உருகினாலும் ஆகாது. அத்தனையும் குப்பைக்குப் போனது.

அப்புறம்தான் 12 வோல்ட் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் வந்தது. படகுக்காரர்கள் பலரும் இதற்குத்தான் மாறினார்களாம். ஓடும்போது 50 வாட் இழுக்கும். இந்தக் குளிரில் மணிக்கு இருபது நிமிஷம் ஓடினால் போதும். ஒரு நாளைக்கு 35 ஆம்பியர் மணியைத் தாண்டுவதில்லை. 150 ஆம்பியர் மணி பேட்டரி, அதை சார்ஜ் செய்ய இரண்டு சோலார் பேனல். இங்கும் ஒரு கோளாறு: ராத்திரியில் க்ளிக், க்ளிக் என்று முயன்று நின்றுவிடும். பேட்டரியில் 12.3 வோல்ட் இருக்க, ஃப்ரிட்ஜ் முனையில் 10.9. எலெக்ட்ரீஷியன் லைட்டுக்குப் போடும் 1.5 சதுர மில்லிமீட்டர் மெல்லிய ஒயரைப் பத்து மீட்டர் இழுத்திருந்தார், வழியிலேயே வோல்ட் குறைந்துவிட்டது. 6 சதுர மில்லிமீட்டர் ஒயர் மாற்றியதும் சரியாகிவிட்டது. மருந்து 4 டிகிரியில் அசையாமல் இருக்கிறது.

என் ஓட்டு கரண்டுக்குத்தான். ஆனால் காஸ் ஃப்ரிட்ஜை விற்கவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் நாலைந்து நாள் சூரியனே தெரியாது. பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் போய்விடும். அப்போது பால், காய்கறியெல்லாம் காஸுக்குப் போகும். சோலார் ஃப்ரிட்ஜில் இன்சுலினும், குளிரைப் பிடித்துவைக்க நாலு தண்ணீர் பாட்டிலும் மட்டும்.

அம்மாவுக்கு மட்டும் இதில் ஒரு குறை. காஸ் ஃப்ரிட்ஜின் தலைமேல், புகைக்குழாய்ச் சூட்டில், ராத்திரி வைத்த தோசை மாவு காலையில் பொங்கி வழியும். புதுசின் மேல் வைத்த மாவு அரைத்த மேனிக்கே கிடக்கிறது. "மானம் மூடிருச்சு, காஸைப் பத்த வச்சிரலாமா கண்ணு?" என்று புரட்டாசியிலேயே கேட்க ஆரம்பித்துவிடுகிறார்.