மரக் கடைசல் கிளப்பின் கிரைண்டர் மூலை: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

எங்கள் கிளப்பில் உளி தீட்டும் கிரைண்டருக்கு (சாணை மெஷினுக்கு) பேரிங் மாற்றி முடித்த கையோடு எழுதுவது இது. மரக் கடைசல் பழக விரும்பும் நண்பர் ஒருவர், "கிளப்பில் சேர்ந்தால் என்ன கிடைக்கும், சொந்தமாக எதை வாங்குவது?" என்று கேட்டிருந்தார். அதற்கும் இதுவே பதில். லேத்தின் (கடைசல் மெஷினின்) நீளம், மோட்டாரின் திறன் போன்றவற்றை எந்தக் கிளப்பிலும் கேட்டால் சொல்லிவிடுவார்கள். பலர் கைபட்ட ஒரே சாணை மெஷினோடு வருஷக்கணக்கில் வேலை செய்வது எப்படி இருக்கும் என்று யாரும் சொல்வதில்லை.

லேத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிளப் லேத் கனமானது, அதிராது. பலர் புழங்குவதால் வரும் தேய்மானம் முதலில் உளியை ஊன்றும் டூல்ரெஸ்ட்டில் தெரியும். சாய்வான முனையுள்ள ஸ்க்யூ உளியின் கூரான பக்கவாட்டு விளிம்புகள் அதன் மேல்பட்டையில் குழி போடுகின்றன. அந்தக் குழியில் உளி தட்டித் தட்டிப் போனால் வெட்டு அலை அலையாக வரும். தட்டை அரத்தால் நீளவாக்கில் இரண்டு இழு இழுத்து மெழுகு தடவினால் சரியாகிவிடும். உளியின் பக்க விளிம்புகளையும் கொஞ்சம் உருட்டிவிட்டால் குழி மறுபடி விழாது. உயரம் இன்னொரு பிரச்சினை. மரத்தைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலின் மையம் முழங்கை மட்டத்தில் இருப்பது நல்லது, ஆனால் எல்லோருடைய முழங்கையும் ஒரே மட்டத்தில் இருக்காது. குட்டையானவர்களுக்கு ஒரு மரப்பலகை மேடை போட்டுவிட்டால் போதும், லேத்தின் கதை அவ்வளவுதான்.

கிரைண்டருக்கு வருகிறேன். 8 அங்குலச் சக்கரம், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1450 சுற்று ஓடும் மெதுவான வகை. ஒரு பக்கம் 80 கிரிட் (எண் கூடினால் மணி நைசாகும்) வெள்ளைக் கல், மறுபக்கம் பின்னால் வந்து சேர்ந்த 180 கிரிட் சி.பி.என். சக்கரம் (க்யூபிக் போரான் நைட்ரைடு என்ற மிகக் கடினமான மணி பூசிய உலோகச் சக்கரம்). கீழே உள்ளே தள்ளவும் வெளியே இழுக்கவும் கூடிய, முனையில் வி வடிவக் குழியுள்ள கை (வி கை), அந்தக் குழியில் உட்கார்ந்து கவுஜை (குழிவான உளியை) ஒரே கோணத்தில் பிடிக்கும் ஜிக். கடைசல் பழகுகிறவர்கள் கிளப்பில் கற்றுக்கொள்வதில் பாதிக்கு மேல் இந்த ஒன்றரை அடி இடத்தில்தான் நடக்கிறது. லேத் முன்னால் மணிக்கணக்கில் திணறுகிறவருக்கு உண்மையில் கையில் குறை இருக்காது, உளி மொக்கையாக இருக்கும். பழகியவர் ஒருவர் அந்த உளியை வாங்கி விளக்கடியில் திருப்பிக் காட்டுவார். விளிம்பில் மெல்லிய வெள்ளைக் கோடு மின்னினால் மொக்கை என்று அர்த்தம். கூரான விளிம்பில் வெளிச்சம் திரும்பி அடிக்க இடமே இருக்காது. கூட நின்று காட்டும் ஆள் இருந்தால் இதைப் பழக இரண்டு நிமிடம் போதும்.

உளியின் பழைய கோணத்துக்கு ஜிக்கை அமைக்கும் மார்க்கர் பேனா முறையும் அப்படித்தான். பெவல் (வெட்டு விளிம்பை ஒட்டிய சாய்வு முகம்) முழுக்கக் கறுப்பு மையைப் பூசுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உளியைச் சக்கரத்தில் லேசாக வைத்து, சக்கரத்தைக் கையால் கொஞ்சம் சுற்றுங்கள். மை எங்கே அழிகிறது என்று பாருங்கள். விளிம்பருகே மட்டும் அழிந்தால் கோணம் மழுங்கலாக (பெரிதாக) அமைந்திருக்கிறது, வி கையை உள்ளே தள்ள வேண்டும். குதிகால் பக்கம் (பெவலின் மறுமுனை) மட்டும் அழிந்தால் கோணம் அதிகம் கூர்மையாக (சிறிதாக) இருக்கிறது, வெளியே இழுக்க வேண்டும். மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக அழிந்தால் அதுதான் பழைய கோணம். அதன் பிறகே சுவிட்ச். கூர் தீட்டும்போது பொறியைப் பாருங்கள். பொறி கீழேயே கொட்டிக்கொண்டிருந்தால் இன்னும் விளிம்பைத் தொடவில்லை. ஃப்ளூட்டின் (உளியின் நீளப் பள்ளத்தின்) உதட்டைத் தாண்டி மேலே தெறிக்க ஆரம்பித்ததும் கையை எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் தேய்ப்பதெல்லாம் வீணாகும் உருக்கு.

என் தீராத எரிச்சல் அந்த வி கைதான். இரண்டு பேர் அடுத்தடுத்து வருகிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் ஆழமான கிண்ணம் குடைகிறவர். கிண்ணத்தின் சுவரிலிருந்து அடிப்பாகத்துக்குத் திரும்பும் வளைவில் உளியின் பிடி கிண்ணத்தின் வாயில் இடிக்கும், அதனால் 40 பாகை பெவல் அங்கே மரத்தோடு ஒட்டி ஓடாது. அவருக்கு 55, 60 பாகை தேவை. மற்றவர் வெளிப்புறத்தையும் தட்டைக் கிண்ணங்களையும் கடைகிறவர். 40 பாகை பெவல் அவருக்கு இழைகளைச் சுத்தமாக அறுத்துத் தரும், அதிகம் தேய்த்து மெருகேற்ற வேண்டியிருக்காது. இருவர் சொல்வதும் நியாயமே. வி கையை அவரவர் இடத்துக்கு நகர்த்தித்தான் ஆக வேண்டும். நகர்த்தியவர் பழைய இடத்தில் வைக்காமல் போவதை மட்டும் என்னால் பொறுக்க முடிவதில்லை.

கணக்கைப் பார்த்தால் இது சின்ன விஷயம் இல்லை என்று தெரியும். சாதாரண ஜிக் அளவில், வி கை 3 மில்லிமீட்டர் வெளியே நகர்ந்தால் கோணம் ஏறக்குறைய 3 பாகை மழுங்கும். ஜிக்கிலிருந்து உளி நீட்டிக்கொண்டிருக்கும் நீளம் 3 மில்லிமீட்டர் கூடினால், கிட்டத்தட்ட அதே அளவுக்குக் கூராகும். ஆக ஒருவர் வி கையை ஒரு பக்கமும், இன்னொருவர் நீட்டத்தை மறுபக்கமும் மாற்றி வைத்தால், தற்செயலாகச் சரியாக வந்ததுபோலக்கூடத் தோன்றும். மூன்றாவதாக வருகிறவர் அதை நம்பி உளியை வைக்கிறார், பொறி பறக்கிறது, பெவல் பளபளக்கிறது. விளிம்பை மட்டும் சக்கரம் தொட்டிருக்காது. அவர் லேத்துக்குப் போய் மொக்கை உளியால் அழுத்துவார். மரம் கிழியும், உளி மாட்டி இழுக்கும், 'கேட்ச்' அடித்துக் கிண்ணம் அதைப் பிடித்திருக்கும் சக்கிலிருந்து தெறிக்கக்கூடும். ஒழுங்காக நடந்தால் ஒருமுறை கூர் தீட்டுவதில் முடியளவு உருக்குத்தான் போகும். கோணம் மாறிய ஜிக்கில் தீட்டினால், பெவலை மறுபடி உருவாக்குவதற்கே மில்லிமீட்டர் கணக்கில் உளி கரையும்.

தீர்வு இருக்கிறது, செலவும் இல்லை. நீட்டத்துக்கு ஒரு மரக்கட்டை: அதில் 45 மில்லிமீட்டர் ஆழத்துக்குத் துளை போட்டு வைத்தால், ஜிக்கில் மாட்டிய உளியைத் துளையின் அடிவரை தள்ளி, ஜிக்கின் முகம் கட்டையில் முட்டியதும் திருகை இறுக்கலாம். வி கைக்கு ஒட்டுப்பலகைத் துண்டு: ஒரு முனை வி குழியில் உட்காரும்படியும், மறுமுனை சக்கரத்தின் முகத்தைத் தொடும்படியும் வெட்டியது. 40 பாகைக்கு ஒன்று, 60க்கு ஒன்று. துண்டுக்கு ஒரு நிறத்தில் டேப், அந்தக் கோணத்து உளியின் பிடியிலும் அதே நிறம். துண்டுகளைக் கிரைண்டருக்கு மேலே ஆணியில் தொங்கவிட வேண்டும். டிராயருக்குள் போட்டால் யாரும் எடுக்க மாட்டார்கள். வி குழியில் ஊன்றும் ஜிக்கின் காலுக்கும் ஒரு கோணம் உண்டு. அது மாறினால் மூக்கு (உளியின் நடு முனை) சரியாக இருக்கும்போதே சிறகுகளின் (இரு பக்க விளிம்புகளின்) வடிவம் கெட்டுவிடும். அந்தத் திருகில் ஒரு சொட்டு பெயின்ட் வைத்துவிடுங்கள், பெயின்ட் உடைந்திருந்தால் யாரோ தொட்டிருக்கிறார்கள் என்று தெரியும்.

ஒட்டுப்பலகைத் துண்டு வைப்பதில் ஒரு சிக்கல் உண்டு. கல் தேயும். 200 மில்லிமீட்டர் கல், வைர டிரெஸ்ஸரால் சீர்செய்யச் செய்யச் சிறுத்துக்கொண்டே போகும். சிறுத்தால் வி குழிக்கும் கல்லுக்கும் உள்ள இடைவெளி கூடி, கோணம் தானாக மழுங்கும். துண்டை வைத்து இடைவெளியை ஒவ்வொரு தடவையும் சரிபார்ப்பதன் பயன் இதில் தெரியும். வி கையில் பேனாவால் கோடு போட்டு வைக்கிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். கோடு அப்படியே இருக்கும், கல் உள்ளே போயிருக்கும். ஆனாலும் கல் மிகவும் சிறுத்துவிட்டால் துண்டும் முழுதாகக் காப்பாற்றாது, மார்க்கரால் ஒருமுறை சோதித்துப் புதுத் துண்டு வெட்ட வேண்டும்.

சி.பி.என். சக்கரம் வந்த பிறகு அந்தப் பாதித் தலைவலி போயிற்று. அதன் விட்டம் நடைமுறையில் மாறுவதில்லை, சீர்செய்யவும் வேண்டாம், சூடும் குறைவு. மனம் நிறைந்து சொல்கிறேன், கிளப் பணத்தில் வாங்கியவற்றில் மிக உபயோகமானது இதுதான். கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: அதில் கடினமாக்கிய உளி உருக்கை மட்டுமே தேய்க்க வேண்டும். மென்மையான இரும்பு, அலுமினியம், பித்தளை எதை வைத்தாலும் துகள் இடுக்குகளில் அப்பிக்கொள்ளும், பிறகு சக்கரம் அறுக்காமல் வழுக்கும். யாரோ ஜிக்கின் ஓரத்தையோ போல்ட்டின் முனையையோ அதில் உரசி விடுகிறார்கள். இரும்பை உரசுவதற்கு வெள்ளைக் கல் பக்கத்திலேயே இருக்கிறது.

ஹெச்.எஸ்.எஸ். (சூடு தாங்கும் ஹை ஸ்பீட் ஸ்டீல்) உளியின் நுனி நீலமானால் பதற வேண்டாம். அந்த நீலம் 300 பாகை செல்சியஸ் அளவில் வருவது, ஹெச்.எஸ்.எஸ். 500ஐத் தாண்டியும் கடினம் இழக்காது. பழைய கார்பன் உருக்கு உளி நீலமானால் நுனியின் பதம் போய்விட்டது, அந்தப் பகுதியைத் தேய்த்து எடுத்தே ஆக வேண்டும். கொதிக்கும் ஹெச்.எஸ்.எஸ். உளியைத் தண்ணீரில் முக்குவது தவறு, நுனியில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழலாம்.

இனி பேரிங். கல்லைச் சீர்செய்யும்போது பறக்கும் தூளும், சமநிலை தப்பிய கல்லின் ஆட்டமும் சேர்ந்துதான் பேரிங்கைத் தின்கின்றன. அறிகுறி தெளிவானது: பெவலில் ஒரே முகம் வராமல் சின்னச் சின்னப் பட்டைகள் விழும், சுவிட்சை அணைத்ததும் கரகரவென்று சத்தம் போட்டுச் சீக்கிரம் நின்றுவிடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஷாஃப்ட்டை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் தெரிந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. இரண்டு பக்கமும் ரப்பர் சீல் உள்ள வகையைப் போடுங்கள். இடப்பக்கச் சக்கரத்தின் நட் இடமரை (வழக்கத்துக்கு எதிர்த்திசையில் இறுகுவது), வலப்பக்கத்தது வழக்கமான மரை. இது தெரியாமல் ஸ்பேனரை எதிர்த்திசையில் மிதித்து இறுக்குகிறவர்கள் உண்டு. கல்லைத் திரும்ப மாட்டுமுன் துளையில் விரலை விட்டுத் தொங்கவிட்டு, மரப்பிடியால் மெதுவாகத் தட்டுங்கள். கணீரென்று ஒலித்தால் நல்ல கல். சப்பென்று ஒலித்தால் உள்ளே விரிசல் இருக்கிறது, அதை மாட்டவே கூடாது. கல்லின் இருபுறமும் காகித வாஷர் போட மறக்கக் கூடாது.

கிரைண்டரை வைத்த இடமும் பெரிய விஷயம். மரத்தூள் உறிஞ்சும் மெஷினின் வாய் அருகே ஒருபோதும் வைக்கக் கூடாது. ஒரு பொறி உள்ளே போய் பைக்குள் தூளில் உட்கார்ந்தால், அது கனன்று பிடிப்பதற்குள் எல்லோரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

கிளப்பில் நடக்கும் மற்றவை எனக்கு நிறைவாகவே இருக்கின்றன. செய்துகாட்டும் நாளில் "முதலில் டூல்ரெஸ்ட்டில் ஊன்று, அடுத்து பெவலை மரத்தில் தொடு, அப்புறம் பிடியைத் தூக்கி வெட்டு" என்று மூன்றையும் சொல்லிச் சொல்லிக் காட்டுகிறார்கள். வேகத்துக்கு எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கும் கணக்கு: அங்குலத்தில் விட்டத்தையும் சுற்றையும் பெருக்கினால் 6000க்கும் 9000க்கும் நடுவே நிற்க வேண்டும். 10 அங்குலக் கிண்ணத்துக்கு 600 முதல் 900 வரை. கோணலான பச்சை (உலராத) மரமானால் அதற்கும் கீழிருந்து தொடங்க வேண்டும். நீள மரத்தை உருட்டையாக்கும் ஸ்பிண்டில் ரஃபிங் கவுஜைக் கிண்ணத்தில் வைக்கக் கூடாது என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள். பிடிக்குள் போகும் அதன் வால் மெலிந்தது, குறுக்கு இழையில் மாட்டினால் முறியும். பார்வைக்கு வைக்கும் மேசையில் வெடித்த கிண்ணங்களையும் வைப்பது மிக நல்ல பழக்கம். மரத்தின் நடுத்தண்டை விட்டுவைத்ததால் வந்த வெடிப்பா, பச்சை மரத்தை முதல் தடவை கடைந்து உலரவிடும்போது சுவர் தடிமன் விட்டத்தில் பத்தில் ஒரு பங்காக இல்லாமல் ஓரிடம் தடித்து ஓரிடம் மெலிந்ததால் வந்ததா, தலைப்பு இழையில் (இழைகள் குறுக்கே அறுபட்ட முகத்தில்) மெழுகு பூசாததால் வந்ததா என்று நான்கு பேர் விரல் வைத்துப் பேசும்போது கிடைக்கும் பாடம், நல்ல கிண்ணத்தைச் சுற்றி நின்று பாராட்டும்போது கிடைப்பதில்லை.

ஆக, நண்பருக்கு: கிளப்பில் சேருங்கள். லேத் வாங்காதீர்கள், கிளப் லேத் போதும், நான் 5க்கு 4 தருவேன். கிரைண்டர் மூலையில் கற்றுக்கொள்வதை வேறெங்கும் கற்க முடியாது என்று மேலே எழுதிய ஒவ்வொரு வரியிலும் நிற்கிறேன். ஆனாலும் அந்த மூலைக்கு இன்று 2தான். உங்கள் நல்ல கவுஜை அங்கே தீட்டாதீர்கள். பழைய உளி ஒன்றைக் கொண்டுபோய்ப் பழகுங்கள், முதலில் கையில் சேரும் பணத்துக்குச் சொந்தமாக மெதுவான கிரைண்டரும் ஒரு ஜிக்கும் வாங்கி, வி கையைப் பூட்டி, திருகில் பெயின்ட் வைத்துவிடுங்கள். இந்த எண்ணை மாற்றிக்கொள்ள எனக்கும் ஆசைதான். பேரிங் புதிது, சக்கரம் இப்போது ஆடாமல் ஓடுகிறது. ஆனால் ஆணியில் இரண்டு துண்டுகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் தொங்குகிறது. 40 பாகைத் துண்டை எடுத்துப்போனவர் அடுத்த கூட்டத்துக்குள் கொண்டுவந்து மாட்டிவிடட்டும்.