டைச்சா, வைல்டரா?

ஷான் டைச், கிறிஸ் வைல்டர் இருவருமே இங்கிலாந்தின் கீழ்நிலை கால்பந்து லீகுகளில் தடுப்பாட்டக்காரர்களாக உழைத்து மேனேஜர் ஆனவர்கள். கிளப்புக்கு யார் பொருந்துவார் என்று குழம்புகிறீர்களா?

ஏற்றம்: கிறிஸ் வைல்டர்தான். 2016இல் நார்தாம்ப்டனை 99 புள்ளிகளோடு லீக் டூ (நான்காம் நிலை) சாம்பியனாக்கினார், அடுத்த வருடமே ஷெஃபீல்ட் யுனைடெட்டை 100 புள்ளிகளோடு லீக் ஒன் (மூன்றாம் நிலை) சாம்பியனாக்கி, 2019இல் உச்ச நிலையான பிரீமியர் லீகுக்கே கொண்டுபோனார்.
ஷான் டைச்: பர்ன்லியை 2014, 2016 என இருமுறை பிரீமியர் லீகுக்கு ஏற்றினார்.

நிலைப்பு: டைச் பர்ன்லியில் ஏறத்தாழ 10 ஆண்டுகள். அப்புறம் எவர்டனையும் 2023இல் பருவத்தின் கடைசி நாளில், கீழ் லீகுக்கு இறங்காமல் காப்பாற்றினார்.
வைல்டர்: ஷெஃபீல்டோடு பிரீமியர் லீகின் முதல் பருவத்தில் 9ஆம் இடம், அடுத்ததில் சரிவு.

ஆட்டம்: டைச், கட்டுக்கோப்பான 4-4-2 (நான்கு தடுப்பு, நான்கு நடுக்களம், இரண்டு முன்களம்). வைல்டர், சென்டர் பேக்குகளையே (நடுத் தடுப்பாட்டக்காரர்களை) முன்னேறித் தாக்கவிட்டவர், எனக்குப் பிடித்தது இதுதான்.

மேலே ஏற வைல்டர், விழாமலிருக்க டைச்.